பி.எஃப்.ஓ.ஏ. மறைந்துவிட்டது, ஆனால் புளோரைட்டு பாதிதான் வருகிறது: மீதி எங்கே?

மின்வாய் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். இது இரண்டாவது வருடம். நிலைத்த சேதன மாசுகளை, குறிப்பாகப் பிஃபாஸ் வகைச் சேர்வைகளை (காபன் சங்கிலியில் புளோரின் பிணைந்த செயற்கைச் சேர்வைகள்), மின்னால் உடைப்பதுதான் என் வேலை. ஒட்டாத சட்டி, தண்ணீர் பிடிக்காத துணி, எண்ணெய்த் தீ அணைக்கும் நுரை எல்லாவற்றிலும் இந்தக் குடும்பம் இருக்கிறது. காபன்–புளோரின் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறக்குறைய 485 கிலோயூல் வேண்டும். அதனால்தான் மண்ணிலும் தண்ணீரிலும் எந்த நுண்ணங்கியாலும் இவற்றை எளிதில் தின்ன முடிவதில்லை.

புல்மோட்டை மணலில் இருந்து எடுத்த தைத்தேனியத்தைக் கொண்டு அனோட்டு (நேர் மின்வாய்) செய்திருக்கிறேன். தைத்தேனியம் ஈரொட்சைட்டை உயர் வெப்பத்தில் கொஞ்சம் தாழ்த்தினால் மின்னைக் கடத்தும் கறுப்பு உபஒட்சைட்டு வரும். இந்த வேலைக்கு மற்றவர்கள் பாவிக்கும் வைர மின்வாய் வாங்க எங்களிடம் காசு இல்லை. மணல் நம்மிடம் இருக்கிறது.

இப்போது சிக்கல். லீற்றருக்கு 10 மில்லிகிராம் பி.எஃப்.ஓ.ஏ. (எட்டுக் காபன் உள்ள பிஃபாஸ் அமிலம்) போட்டு, சோடியம் சல்பேற்றுக் கரைசலில் நாலு மணித்தியாலம் ஓட்டினேன். தண்ணீரில் எஞ்சியது 0.9 மில்லிகிராம். ஆனால் உடைந்து வெளிவந்த புளோரைட்டு அயனை, அதை அளக்கும் புளோரைட்டு மின்வாயால் அளந்தால் 3.3 மில்லிகிராம்தான் காட்டுகிறது. பி.எஃப்.ஓ.ஏ.யின் நிறையில் 69 சதவீதம் புளோரின். 9.1 மில்லிகிராம் உண்மையாக உடைந்திருந்தால் 6.3 வரவேண்டும். மூன்று தடவை செய்தேன், மூன்றும் இதே கதை.

மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் நாள் நெருங்குகிறது. "91 சதவீதம் அழிக்கப்பட்டது" என்று எழுதலாம், மற்றவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். எனக்கு அந்த "அழிக்கப்பட்டது" என்ற சொல்லில் கைவைக்க மனம் வரவில்லை. யாராவது இந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய_ஆசிரியர் எழுதியது:

மகளே, முதலில் ஒரு வார்த்தை. அந்தச் சொல்லில் தயங்கியது சரி. முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன் சொல்கிறேன்.

புளோரைட்டு மின்வாயின் பளிங்கு இலந்தனம் புளோரைட்டு. அது சுதந்திரமான புளோரைட்டு அயனை மட்டும்தான் பார்க்கும். கரைசல் அமிலமாகிப் பி.எச். 4க்குக் கீழே போனால் ஒரு பங்கு ஐதரசன் புளோரைட்டாக ஒளிந்துகொள்ளும். அலுமினியமோ இரும்போ இருந்தால் அவையும் பிடித்து வைக்கும். கற்சியம் அதிகமென்றால் கற்சியம் புளோரைட்டாக அடியில் தங்கிவிடும். பி.எச்.சையும் அயன்வலிமையையும் மாறாமல் வைக்கும் தாங்கற்கரைசல் சேர்த்தீரா? செறிவு தெரிந்த நியமக் கரைசல்களை வெறும் காய்ச்சிவடித்த நீரில் செய்தீரா, அல்லது அதே சோடியம் சல்பேற்றுக்குள் செய்தீரா? துருப்பிடிக்காத உருக்குக் கதோட்டு என்றால் இரும்பையும் ஒருமுறை பார்க்கவும்.

---

மின்வாய் எழுதியது:

சேர், தாங்கற்கரைசல் சேர்த்தேன். நியமங்களும் சல்பேற்றுக்குள்தான். கதோட்டு உருக்குத்தான், இரும்பு பார்க்கவில்லை, நாளைக்குப் பார்க்கிறேன். முடிவில் பி.எச். 5க்குக் கிட்ட இருந்தது. தெரிந்த அளவு புளோரைட்டை ஓடி முடிந்த கரைசலுக்குள் போட்டுத் திரும்ப அளந்தேன், போட்டது அப்படியே வந்தது. ஆகவே மின்வாய் பொய் சொல்கிறது என்று நினைக்கவில்லை.

---

மாளிகாவத்தை எழுதியது:

நான் விஞ்ஞானம் படிச்சவன் இல்ல, கோவிக்க வேணாம். மழை பெஞ்சா எங்கட ரோட்டுல கான் நிரம்பி வீட்டுக்குள்ள தண்ணி வருது. டெங்கு வார்டு நிரம்பிக் கிடக்கு. லீற்றருக்கு நானோகிராம் கணக்குல இருக்கிற ஒண்ட அழிக்கிறதுக்கு இந்த நாட்டுல இவ்வளவு படிப்பும் காசும் வேணுமா? மனசுல பட்டதக் கேட்டேன்.

இன்னொரு கேள்வி. எங்கட வீட்டுல எப்பவும் கொதித்தாறின தண்ணிதான் பிள்ளைகளுக்குக் குடுக்கிற. அதுல இது போகுமா?

---

களனிக்கரை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில். கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் பிஃபாஸ் போகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், அது சட்டிக்குள்ளேயே நிற்கும். செயற்படு கரி வடிகட்டி நீண்ட காபன் சங்கிலிச் சேர்வைகளை நல்லாகப் பிடிக்கும், குட்டைச் சங்கிலியைப் பிடிக்கச் சிரமப்படும். கரியை நேரத்துக்கு மாற்றாவிட்டால் பிடித்ததைத் திரும்ப விடும். எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ. சவ்வு) இரண்டையும் தடுக்கும்.

முதலாவது கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். குடிநீர்ச் சுத்திகரிப்பில் பதினெட்டு வருடம் வேலை. இந்த ஆய்வு கொழும்புக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் அம்பத்தலே நிலையத்தில் பொருத்துவதற்கானது என்று நினைத்தால் நீங்கள் சொல்வது சரி. நாளுக்கு இலட்சக்கணக்கான கன மீற்றர் போகும் இடத்தில் இதை ஓட்ட முடியாது. ஒரு கணக்கு சொல்கிறேன். மீயுயர் நிலைத் தண்ணீரில் எரிக்கிற முறை இருக்கிறது, 374 பாகைக்கு மேல், 221 பார் அமுக்கத்துக்கு மேல். அதில் பிஃபாஸ் நிமிடங்களுக்குள் உடைகிறது. ஆனால் ஒரு கன மீற்றர் தண்ணீரை அறை வெப்பத்தில் இருந்து அந்த நிலைக்குக் கொண்டுபோக, வெப்பத்தைத் திரும்பப் பிடிக்காவிட்டால், 500 யூனிட்டுக்கு மேல் வேண்டும். இது ஒரு சாதாரண வீட்டின் பல மாத மின்சாரம்.

ஆகவே ஆற்றுத் தண்ணீரை யாரும் நேரே உடைப்பதில்லை. முதலில் பிடிக்க வேண்டும்: கரியில், அயன்மாற்றுப் பிசினில், அல்லது சவ்வின் கழிவு நீரில். அப்போது ஆயிரம் லீற்றரில் இருந்தது சில லீற்றருக்குள் வந்துவிடும். பிறகு அந்தச் சில லீற்றரை உடைக்க வேண்டும். வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய்க்குப் பயந்து ஊர் ஊராகச் சவ்வு இயந்திரம் வைத்தோமே, அதன் கழிவு நீர் எங்கே போகிறது என்று எத்தனை பேர் கேட்டோம்? வாய்க்காலுக்குப் போகிறது. அகற்றுவது வேறு, அழிப்பது வேறு. இந்தத் தங்கச்சி செய்வது இரண்டாவது. நாங்கள் இவ்வளவு காலமும் செய்தது முதலாவது மட்டும்.

---

கொழுந்து எழுதியது:

மாளிகாவத்தை அண்ணன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது தூர தேசத்துப் பிரச்சினை இல்லை. இலங்கையர் இரத்தத்தில் பிஃபாஸ் அளந்த ஆய்வு 2005இலேயே வந்தது. கொழும்பு நகரவாசிகளையும் மலையகத் தேயிலைத் தொழிலாளரையும் எடுத்தார்கள். இரண்டு பக்கத்திலும் இருந்தது. அதே வருடம்தான் இலங்கை, நிலைத்த சேதன மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 2009இல் பி.எஃப்.ஓ.எஸ். (சல்போனேற்றுத் தலை உள்ள இன்னொரு பிஃபாஸ்), 2019இல் பி.எஃப்.ஓ.ஏ. அதன் பட்டியலில் சேர்ந்தன.

என் அம்மா இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தவர். ஒட்டாத சட்டி எங்கள் லயத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த ஆய்வைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒருத்தர் உடம்புக்குள் வந்த பி.எஃப்.ஓ.எஸ். பாதியாகக் குறையவே வருடக்கணக்கு ஆகும். 2023 டிசம்பரில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பி.எஃப்.ஓ.ஏ.யை முதலாம் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்துவிட்டது. நானோகிராம் சின்ன எண்தான். அமெரிக்காவில் 2024இல் குடிநீருக்கு வைத்த எல்லையே லீற்றருக்கு 4 நானோகிராம்.

---

மாளிகாவத்தை எழுதியது:

கொழுந்து, உங்கட உம்மாட கதைய வாசிச்சுப் போட்டு நான் சொன்னத யோசிச்சேன். எனக்குத் தெரியாமத்தான் கேட்டேன். கப்பல் எரிஞ்சு பிளாஸ்டிக் மணி கரையெல்லாம் வந்திச்சே, 2021ல, அதுவும் இதுவும் ஒண்டா?

---

களனிக்கரை எழுதியது:

இல்லை அண்ணா. அந்த மணிகள் பெரும்பாலும் பொலித்தீன் வகை, காபனும் ஐதரசனும்தான், புளோரின் இல்லை. அது வேறு துன்பம். கண்ணுக்குத் தெரிந்ததால் அள்ளினோம். இது தெரியாது.

---

மெல்பன்வாசி எழுதியது:

மின்வாய் தங்கச்சி, நான் இங்க ஒரு நிலத்தடிநீர்ச் சுத்திகரிப்பு நிறுவனத்தில வேலை. உங்கட கேள்விக்கு வாறன்.

பி.எஃப்.ஓ.ஏ. ஒரு சவர்க்காரம் மாதிரி. தலை தண்ணியில நிக்கும், வால் தண்ணியை விட்டு ஓடப் பாக்கும். குமிழி கண்டால் அதில ஏறி மேல வந்திடும். உங்கட கதோட்டில ஐதரசன், அனோட்டில ஒட்சிசன், நாலு மணித்தியாலமும் குமிழிதானே. நுரை எவ்வளவு உயரத்துக்கு வருது? மூடி இருக்கோ? மூடியின்ர உள்பக்கம் ஈரமோ? நுரை கட்டிப் பிரிக்கிறதை இங்க நாங்கள் ஒரு சுத்திகரிப்பு முறையாகவே பாவிக்கிறம். அதே விசயம் உங்கட கலத்துக்குள்ள உங்களுக்குத் தெரியாமல் நடக்குது எண்டு நான் நினைக்கிறன். தண்ணியில இருந்து மாதிரி எடுத்தால் "குறைஞ்சிட்டுது" எண்டு காட்டும். போனது மூடிக்கு.

செய்ய வேண்டியது: ஓடி முடிஞ்சவுடன மூடி, சுவர், குழாய் எல்லாத்தையும் மெதனோலால கழுவி அந்த மெதனோலை அளவுங்கோ. அதோட, மின்னோட்டம் இல்லாமல், ஆனால் நைதரசனை அதே வேகத்தில குமிழியாக விட்டு, நாலு மணித்தியாலம் ஒரு கட்டுப்பாட்டுப் பரிசோதனை. மின்னோட்டமும் இல்லை, குமிழியும் இல்லை எண்டு வைக்கிற கட்டுப்பாட்டால ஒரு பிரயோசனமும் இல்லை.

ரெஃப்லோனும் புளோரின் சேர்வைதான், அந்தக் குழாய் ஏதாவது இருந்தால் இண்டைக்கே எறியுங்கோ. மூடியின் உள் வட்டத்தையும் பாருங்கோ. போத்தல் பொலிப்புரொப்பிலீன்தான்.

இங்க வில்லியம்டவுன், ஓக்கி, கத்தரின் எண்டு மூண்டு பாதுகாப்புப் படைத் தளங்களைச் சுத்தித் தீயணைப்பு நுரை நிலத்தடிநீருக்குள்ள இறங்கிச்சுது. 2020இல அரசாங்கம் சனத்துக்கு 21 கோடி 25 இலட்சம் டொலர் குடுக்க ஒத்துக்கொண்டது. தண்ணியைக் கரியாலயும் பிசினாலயும் வடிச்சம். பிறகு அந்தக் கரியை என்ன செய்யிறது? அந்தக் கேள்விதான் எங்கட துறையை இண்டைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கு.

---

பழைய_ஆசிரியர் எழுதியது:

மெல்பன் தம்பி சொன்ன நுரை விடயம் எனக்குத் தோன்றவில்லை. நன்றி.

இன்னொன்று. மறைந்தது எல்லாம் முழுதாக உடைந்திருக்க வேண்டும் என்று இல்லை. அனோட்டில் நடப்பதை நான் விளங்கியபடி சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். காபொட்சிலேற்றுத் தலை ஒரு இலத்திரனை அனோட்டுக்குக் கொடுக்கிறது. காபனீரொட்சைட்டு கழன்று போகிறது. மிஞ்சிய வாலுக்கு ஐதரொட்சில் மூலிகம் வந்து சேர்கிறது, புளோரைட்டு இரண்டு விழுகிறது, ஒரு காபன் குறைந்த அமிலம் உண்டாகிறது. திரும்ப முதலில் இருந்து. எட்டுக் காபன் ஏழாகி, ஆறாகி, ஐந்தாகி.

எட்டுக் காபன் அமிலத்தில் 15 புளோரின். அது ஆறுக் காபனில் நின்றுவிட்டால் 15இல் 4 தான் வெளியே வந்திருக்கும். பி.எஃப்.ஓ.ஏ. பூச்சியம், புளோரைட்டு 27 சதவீதம்! மூன்று புளோரின் உள்ள டிரைபுளோரோ அசற்றிக்கமிலம் வரை போனாலும் 80 சதவீதம்தான். ஆகவே மகளின் "பாதி" என்பதற்குள் இந்தக் குட்டைச் சங்கிலிகளும் இருக்கக்கூடும். இவை கரியில் தாய்ச் சேர்வையை விடக் குறைவாகப் பிடிபடுபவை.

---

புத்தளம்_வீதி எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? புத்தளத்தில் சீமெந்துச் சூளை இருக்கிறது. கிளிங்கர் 1450 பாகையில் வேகிறது. அதற்குள் போட்டால் முடிந்தது. சுண்ணாம்பு நிறைய இருப்பதால் புளோரினும் கற்சியத்தோடு சேர்ந்துவிடும்.

---

களனிக்கரை எழுதியது:

பாவித்த கரிக்கும் பழைய நுரைக்கும் அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் குப்பைமேட்டுக் கசிவுநீரை லொறி லொறியாகப் புத்தளத்துக்கு ஏற்றிப்போய்ச் சூளையில் ஊற்ற முடியாது. தண்ணீரைத்தான் எரிப்பீர்கள். சூளைக்கு அனுப்புவதற்கு முன்னும் யாராவது அதைச் செறிவாக்க வேண்டும்.

என் மனதில் இருப்பது கசிவுநீர்தான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணோடு போனார்கள். அந்த மேட்டின் அடியில் இருந்து வந்த கறுப்புத் தண்ணீரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பழைய துணி, கம்பளம், உணவு சுற்றிய காகிதம், சட்டி எல்லாம் கடைசியில் அங்கேதான் போகிறது. நகரத்தின் பிஃபாஸ் ஒரு இடத்தில் ஏற்கெனவே செறிந்து கிடக்கிறதென்றால் அது அங்கேதான்.

---

மெல்பன்வாசி எழுதியது:

கசிவுநீர் எண்டால் ஒரு எச்சரிக்கை. அதில குளோரைட்டு கனக்க. உங்கட அனோட்டு குளோரைட்டை குளோரேற்றாக்கி, கடைசியில பேர்குளோரேற்றாக்கும். அது தைரொயிட் சுரப்பி அயடீன் எடுக்கிறதைத் தடுக்கும். ஒரு நஞ்சை உடைச்சு இன்னொண்டை வாய்க்காலுக்குள்ள விடக்கூடாது. அதையும் அளக்காமல் "சுத்தம்" எண்டு எழுதாதேங்கோ.

ஊதாக்கடந்த ஒளியும் சல்பைற்றும் சேர்த்து நீரேறிய இலத்திரனால உடைக்கிற முறையில பேர்குளோரேற்றுப் பயம் இல்லை. ஆனால் நைத்திரேற்று அந்த இலத்திரனை முதலே விழுங்கிடும். எங்கட யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியில உரத்தால ஏறின நைத்திரேற்று எவ்வளவு எண்டு எல்லாருக்கும் தெரியும். அங்க அந்த முறை மூச்சுத் திணறும். ஒவ்வொரு தண்ணிக்கும் ஒவ்வொரு வைத்தியம்தான்.

---

மின்வாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாகப் பதில் எழுதவில்லை, பரிசோதனைகளைத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். சேர், இரும்பு பார்த்தேன், சொல்லும்படி ஒன்றும் இல்லை.

மெல்பன் அண்ணா, மூடியின் உள்பக்கம் ஈரம்தான். இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒருநாளும் கழுவி அளக்கத் தோன்றவில்லை. மெதனோலில் மூடி, சுவர், குழாய் கழுவியதில் வந்தது 1.4 மில்லிகிராம், லீற்றர்க் கணக்கில். நைதரசன் குமிழிக் கட்டுப்பாட்டிலும் ஏறக்குறைய அதே அளவு மேலே போய் ஒட்டியது. அப்படியென்றால் உண்மையாக மாற்றமடைந்தது 9.1 இல்லை, 7.7. அதற்கு வரவேண்டிய புளோரைட்டு 5.3. வந்தது 3.3.

மீதி 2.0க்கு ஆசிரியர் சேர் சொன்ன வழியில் போனேன். பழைய நிறமாலைகளைத் திரும்பத் திறந்தால் ஏழு, ஆறு, ஐந்து காபன் அமிலங்களின் உச்சிகள் அங்கேயே இருக்கின்றன. தேடாததால் காணவில்லை. நியமங்கள் வாங்க வசதி இல்லாமல் ஒரு நண்பரின் ஆய்வுகூடத்தில் கொஞ்சம் கடன் வாங்கி அளந்தேன். அவற்றுக்குள் இருக்கும் புளோரின் 1.2 மில்லிகிராம். இன்னும் 0.8 கணக்கில் வரவில்லை. வாயுவாகப் போயிருக்கலாம், மின்வாயின் நுண்துளைக்குள் இருக்கலாம், டிரைபுளோரோ அசற்றிக்கமிலமாக இருக்கலாம். அந்த அமிலம் சேர்வைகளைப் பிரிக்கும் என் கருவியின் நிரலில் நிற்காமல் ஓடிவிடுகிறது.

இதற்கிடையில் ஒன்று திரும்பப் படித்தேன். 2022இல் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிரிட்டனி ட்ராங் என்ற மாணவி தன் கலாநிதி ஆய்வாகச் செய்தது. சோடியம் ஐதரொட்சைட்டு, டைமெதில் சல்பொட்சைட்டு, 80 முதல் 120 பாகை. வேறொன்றும் இல்லை. எங்கள் ஆய்வுகூடத்திலும் இருக்கிற போத்தல்கள். முதல் தடவை வாசித்தபோது அந்த எளிமைதான் மனதில் நின்றது. இந்த முறை நின்றது வேறு: புளோரினில் 78 முதல் ஏறக்குறைய 100 சதவீதம் வரை புளோரைட்டாக வந்ததைக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். உடைந்த காபன் துண்டுகள் என்னென்ன என்று தேடிப் பிடித்து, அவை ஒவ்வொரு காபனாகக் குறையும் பழைய விளக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, பொறிமுறையையே மாற்றி எழுதினார்கள். கணக்குச் சரியாக வராத இடத்தில்தான் அவர்களுக்குப் புதுவிடயம் கிடைத்தது. அவர்களுடைய முறை காபொட்சிலிக்கமிலங்களுக்குத்தான், பி.எஃப்.ஓ.எஸ். போன்ற சல்போனேற்றுகளுக்கு இல்லை. அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

மேற்பார்வையாளரிடம் மெதனோல் எண்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே பேனையை எடுத்துச் சுருக்கத்தில் அட்டவணையை மாற்றினார். இப்போது அதில் நாலு நிரல்: தண்ணீரில் எஞ்சியது, சுவரிலும் மூடியிலும் ஒட்டியது, குட்டைச் சங்கிலியானது, புளோரைட்டானது. கீழே "கணக்கில் வராதது" என்று ஒரு வரி. 91 என்ற எண் எங்கும் இல்லை.

---

கொழுந்து எழுதியது:

அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் எடுக்காதீங்க அக்கா.

---

பழைய_ஆசிரியர் எழுதியது:

மகளே, ஒரு சின்னக் கணக்கு, பயப்படுபவர்களுக்காக. உண்மையான தண்ணீரில் லீற்றருக்கு 100 நானோகிராம் பி.எஃப்.ஓ.ஏ. இருந்து முழுதாக உடைந்தால் வரும் புளோரைட்டு 69 நானோகிராம். குடிநீரில் புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை 1.5 மில்லிகிராம். இருபதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அனுராதபுரத்துக் கிணறுகளின் புளோரைட்டைப் பார்த்துப் பயந்தவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அதே கணக்கின் மறுபக்கம்: உம்முடைய புளோரைட்டு மின்வாயால் அந்த 69 நானோகிராமைக் காணவே முடியாது. ஆகவே கசிவுநீருக்குப் போகும்போது இந்தச் சமநிலைக் கணக்கை வேறு கருவியால் செய்ய வேண்டி வரும். இப்போதே அதற்கு வழி தேடும்.

---

மின்வாய் எழுதியது:

ஓம் சேர். எரித்து அயன்களாக அளக்கும் கருவி வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் இருக்கிறது, எழுதிக் கேட்டிருக்கிறேன். அதுவரை கசிவுநீரை நுரை கட்டிச் செறிவாக்கிப் பார்க்கப்போகிறேன். மூடிக்கு ஏறி என்னை ஏமாற்றியதையே வேலைக்கு எடுக்கலாம் என்று மெல்பன் அண்ணாவின் பதிலை வாசித்தபோது தோன்றியது. பேர்குளோரேற்றுக்கும் ஒரு நிரல் போட்டுவிட்டேன்.

களனிக்கரை அண்ணா, கசிவுநீர் மாதிரி எடுக்க அனுமதிக் கடிதம் கிடைத்துவிட்டது. பொலிப்புரொப்பிலீன் போத்தல் பன்னிரண்டு மெதனோலில் கழுவிக் காயவைத்திருக்கிறேன். இரண்டில் சுத்தமான தண்ணீர் ஊற்றி வெறும் மாதிரியாகக் கொண்டுவருகிறேன், அதே வாகனத்தில், அதே பெட்டியில் வரட்டும். செவ்வாய் காலை ஆறரைக்கு வெள்ளவத்தைச் சந்தியில் நின்றால் ஏற்றிக்கொள்வீர்களா?

---

களனிக்கரை எழுதியது:

ஆறேகாலுக்கு வாங்க தங்கச்சி. மழை வந்தால் கசிவுநீர் ஐதாகிவிடும், வெள்ளிக்குத் தள்ளுவோம். பழைய மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டாம், அந்தத் துணியிலும் இது இருக்கும். சாதாரணப் பருத்திச் சட்டை போதும்.